விறாந்தையில் அமர்ந்த வித்துவான்

சரித்திரம் என்றவுடன் மன்னர்களையும் போர்களையும் எண்ணுவது நம்மவர் வழக்கம். பல ஆண்டுகளாகப் பாடசாலையிலே சரித்திரம் படிப்பித்து வரும் எனக்கும் அவ்வழக்கம் உண்டு. எனினும், இன்று நான் சொல்லப் புகுவது ஒரு வீதித் தொழிலாளியின் சரித்திரம். தோமஸ் ஜெபர்சன் ஜரல் என்பது அவர் முழுப்பெயர். ஊரார் ரொமி ஜரல் என்று அழைத்தனர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் வட கரோலைனா மாநிலத்திலே 1901ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாந் திகதி பிறந்து, 1985ஆம் ஆண்டு ஜனவரி 28ஆந் திகதி மறைந்தவர். ஏறக்குறைய 40 ஆண்டுகள் வீதியைச் சமப்படுத்தும் இயந்திரத்தை ஓட்டிச் சீவனம் நடத்தியவர். அவர் முதன்முதல் விலைகொடுத்து வாங்கிய பிடில் பிற்காலத்தில் வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் நூதனசாலையிற் சேர்ந்தது. வீதி செப்பனிட்ட ஒருவரின் பிடில் ஒரு தேசத்தின் நூதனசாலைக்கு எவ்வாறு சென்றது? அந்தக் கதையையே உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

பிடில் வேறு, வயலின் வேறு என்று எண்ணுவோர் உளர். இரண்டும் ஒரே வாத்தியந்தான். மேடைச் சங்கீதத்தில் வயலின் எனப்படுவது, கிராமத்து ஆடலுக்கு இசைக்கும்போது பிடில் ஆகிறது. நம்மவரும் முந்திய தலைமுறைகளில் பிடில் என்றே வழங்கினர். ஐரோப்பியர் கொண்டுவந்த அவ்வாத்தியத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதரும், அவருக்குப் பின் தஞ்சை வடிவேலுவும் கருநாடக இசைக்கு உரியதாக்கினர் என்பது நீங்கள் அறிந்ததே. அதே வாத்தியம் ஸ்கொத்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து முதலிய நாடுகளிலிருந்து குடிபெயர்ந்த மக்களோடு அத்திலாந்திக் கடலைக் கடந்து அமெரிக்க மலைநாடுகளுக்கும் சென்றது. அங்கே அதற்கு ஒரு துணை கிடைத்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்கள் தம் நினைவிற் சுமந்து வந்த பன்ஜோ என்னும் தந்தி வாத்தியமே அத்துணை. ஐரோப்பாவின் வில்லும் ஆபிரிக்காவின் தந்தியும் கூடிப் பிறந்த இந்த இசையை அந்நாட்டார் ‘பழைய காலத்து இசை’ என்று பெயரிட்டு வழங்குகின்றனர்.

ஜரல் பிறந்த இடம் ரவுண்ட் பீக் என்னும் சிற்றூர். புளூ ரிட்ஜ் மலைத்தொடரின் அடிவாரத்தில், வேர்ஜீனியா மாநில எல்லைக்கு அண்மையில், கருங்கல்லுக்குப் பேர்போன மவுண்ட் எயரிப் பட்டினத்துக்குச் சில மைல் தொலைவில் உள்ளது. சோளமும் புகையிலையும் அவ்வூரின் பயிர்கள். அறுவடை முடிந்து சோளம் உரிக்க அயலார் கூடினால் வேலையின் முடிவில் ஆட்டம் உண்டு. ஆட்டம் உண்டென்றால் பிடிலும் உண்டு. நத்தார் தொடங்கி ஜனவரி 6ஆந் திகதி வரையும் இரவுதோறும் ஒவ்வொரு வீடாகச் சென்று ஆடுவது அங்குள்ள பழைய வழக்கம். கட்டிலையும் மேசையையும் வெளியே தூக்கி வைத்துவிட்டு அறையை வெறுமையாக்குவர். இரண்டு அறைகளிலும் ஆடுவோர் இருப்பின், பிடில்காரரும் பன்ஜோக்காரரும் இடைவாசலில் அமர்ந்து இருபுறத்தாருக்கும் கேட்கும்படி வாசிப்பர். வித்துவான் என்று ஒரு சாதியும் இரசிகர் என்று வேறொரு சாதியும் அங்கே இருக்கவில்லை. இன்று ஆடுபவர் நாளை வாசிப்பார். வாசித்தவர் மறுநாட் காலையில் வயலுக்குச் செல்வார்.

ரொமியின் தந்தையார் பென் ஜரல் அப்பகுதியிற் பெயர்பெற்ற பிடில்காரர். 1927ஆம் ஆண்டில் அவர் தம் கூட்டாளிகளுடன் இந்தியானா மாநிலத்து ரிச்மண்ட் நகருக்குச் சென்று ஜெனற் கம்பெனியாருக்காக இசைத்தட்டுகளிற் பாடி வாசித்தார். அக்குழுவில் இருந்தவர்களுள் ஒருவர் பிராங் ஜென்கின்ஸ். அவருடைய பெயரை நேயர்கள் நினைவிற் கொள்ளுக. அவர் மகனைப் பின்னர் சந்திப்போம்.

சிறுவன் ரொமிக்கு முதலிற் கைவந்தது பன்ஜோ. வீட்டில் வயல்வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த கொக்கராம் என்னும் வேலையாள் ஓய்வு நேரத்தில் அவனுக்கு விரல் பிடித்துக் கற்பித்தார். அப்போது அவனுக்கு 8 வயதளவில் இருக்கும். பின்னர்த் தந்தையின் பிடிலை எடுத்துப் பழகினான். 1915ஆம் ஆண்டில், 14ஆவது வயதில், 10 டொலர் கொடுத்துத் தனக்கென ஒரு பிடில் வாங்கினான். ஸ்மித்சோனியன் நூதனசாலையைச் சேர்ந்தது அந்த 10 டொலர்ப் பிடிலேயாம்.

அவன் கற்றது தந்தையிடம் மாத்திரமன்று. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிற் போர்வீரராயிருந்த முதியோர் சிலர் அக்காலத்தில் அவ்வயலில் உயிரோடிருந்தனர். பெற் மக்கினி ஒருவர். சக் பெயின் மற்றொருவர். நரைத்த தாடியுடைய அம்முதியோர் தம் இளமையிற் கேட்ட மெட்டுகளை அச்சிறுவனுக்கு வாசித்துக் காட்டினர். 1985ஆம் ஆண்டு வரை உயிர்வாழ்ந்த ஒருவரின் விரல்களில், ஆபிரகாம் லிங்கன் காலத்து இளைஞரின் இசை தங்கியிருந்தது. ஒரு சிறுவன் ஒரு கிழவரின் வாசலில் உட்கார்ந்து கேட்டதனால் ஒரு நூற்றாண்டு தாண்டப்பட்டது. எழுத்தும் ஏடும் இன்றியே இது நிகழ்ந்தது.

அவ்விசை எத்தகையது? நேயர்கள் எளிதில் உணரத்தக்க ஓர் ஒற்றுமையைச் சொல்கிறேன். ஐரோப்பிய மேடை வயலினில் நான்கு தந்திகளும் ஒவ்வொன்றும் முந்தியதற்கு ஐந்தாஞ் சுரமாக அமையும்படி கட்டப்படும். மலைநாட்டுப் பிடில்காரரோ மெட்டுக்குத் தக்கபடி தந்திகளைத் திருப்பிக்கொள்வர். அவர்கள் வழக்கிலுள்ள சுருதிக்கட்டுகளுள் ஒன்று, கீழ்த் தந்திகள் இரண்டையும் சற்று ஏற்றி, ஸட்ஜம் பஞ்சமம் ஸட்ஜம் பஞ்சமம் என அமைப்பதாகும். நம்முடைய வயலின் வித்துவான்கள் சுருதி கூட்டுவதும் இம்முறையிலேயே! ஒரே வாத்தியம் இரு திசைகளுக்குச் சென்றது. ஒருவரையொருவர் கண்டறியாத இரு மக்கட் கூட்டத்தார், அடியிலே சுருதி இடையறாது ஒலிக்க வேண்டும் என்னும் ஒரே விருப்பத்தால் ஒரே கட்டுக்கு வந்து சேர்ந்தனர். நமக்குத் தம்புரா செய்யும் பணியை அவர்களுக்கு விரல் படாத அயற்றந்தி செய்தது. ஜரல் வாசிக்கும்போது வில் ஒரு தந்தியில் நில்லாது. மெட்டு ஒன்றில் ஓடச் சுருதி மற்றொன்றில் முழங்கும்.

நம்முடைய வயலின் குரலைப் பின்பற்றியது. அவர்களுடைய பிடில் காலைப் பின்பற்றியது. ஆலாபனைக்கு அங்கே இடமில்லை. குறுகிய மெட்டொன்று இரண்டு பகுதிகளாய் அமைந்து, ஆடுவோர் களைக்கும் வரை திரும்பத் திரும்ப வரும். வில்லின் குறுகிய வீச்சும், மணிக்கட்டின் சிறு அசைவும், தாளத்தின் இடையடியில் விழும் அழுத்தமுமே அதன் உயிர். அந்த அழுத்தத்தைச் சுரக்குறிப்பால் எழுத முயன்றவர் பலர். எழுதியதைப் பார்த்து மாத்திரம் வாசித்தவர்க்கு அது கைகூடவில்லை.

1923ஆம் ஆண்டில் ரொமி, நைனா என்னும் பெண்ணை மணந்தார். இளமையில் அவரும், அவர் தந்தையாரைப் போலவே, மலைநாட்டார் பலர் அக்காலத்திற் செய்த கள்ளச் சாராயத் தொழிலிற் சிறிது ஈடுபட்டதுண்டு. குடும்பம் ஏற்பட்டபின் மவுண்ட் எயரிக்கு அருகிலுள்ள ரோஸ்ற் என்னும் ஊரிற் குடியமர்ந்து, மாநில நெடுஞ்சாலைத் திணைக்களத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிள்ளைகள் மூவர் பிறந்தனர். பகல் முழுவதும் இயந்திரத்தோடு போராடியவருக்குப் பிடிலைத் தொட நேரம் அரிதாயிற்று. அவ்வப்போது அயலவருடன் வாசித்தாரேனும், இளமையில் இருந்தவாறு இசை அவர் வாழ்வின் நடுவில் இருக்கவில்லை.

குறை அவருடைய நேரத்தில் மாத்திரம் இருந்ததா? கேட்பதற்கு ஆளில்லாமற் போனதே பெரிய காரணம். வயலை விட்டு இளைஞர் நெசவாலைகளுக்கும் தளபாடத் தொழிற்சாலைகளுக்கும் சென்றனர். கிராமபோனும் வானொலியும் மோட்டார் வாகனமும் வந்தன. அயலார் கூடிச் சோளம் உரித்த காலம் போயிற்று. வீட்டுக் கட்டிலை வெளியே தூக்கி வைப்பாரும் இல்லாதாயினர். 1940ஆம் ஆண்டுகளில் பில் மன்றோ என்பவர் புளூகிராஸ் என்னும் புதிய இசையை மேடையில் ஏற்றினார். வேகமும் தனித்தனியே திறமை காட்டும் போட்டியும் அதன் இயல்புகள். கதிரையில் அமர்ந்து ஆட்டத்துக்கு வாசித்த பழைய பிடில்காரர் பின்தள்ளப்பட்டனர். மலைநாட்டுக்கு வீதிகள் வந்தன. அவ்வீதிகளின் வழியே மலைநாட்டு வாழ்வு வெளியேறிற்று. வீதியைச் சமப்படுத்தியவருள் ரொமி ஜரலும் ஒருவர் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகிறது.

1966ஆம் ஆண்டில் அவர் வேலையிலிருந்து இளைப்பாறினார். அடுத்த ஆண்டே மனைவியார் காலமானார். 66 வயது, வெறுமையான வீடு, பேசத் துணையில்லை. இந்நிலையில் உள்ள முதியோர் பலரை நாம் கண்டிருக்கிறோம். வீட்டின் மூலையில் ஒடுங்கி ஆயுளின் மிச்சத்தைக் கழிப்பதே பெரும்பாலார்க்கு வாய்ப்பது. ரொமி பிடிலை எடுத்தார்.

அதே வேளையில், அவர் போன்றாரைத் தேடிச் சிலர் புறப்பட்டிருந்தனர். அவர்கள் பல்கலைக்கழக மாணவரும், நகரத்து இளைஞரும், ஆசிரியருமாவர். தந்தை பென் ஜரலின் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டு, அவ்விசையை வாசிப்பவர் இன்னும் உளரா என வினவி வந்தவர்களும் அவருள் இருந்தனர். ஒருகாலத்தில் ஊர் வாழ்வை வெளியே கொண்டுபோன வீதிகள் இப்போது மாணாக்கரை உள்ளே கொண்டுவந்தன.

1968ஆம் ஆண்டில் ‘கவுண்டி’ என்னும் இசைத்தட்டுக் கம்பெனி, ரொமி ஜரல், பிரெட் கொக்கராம், ஒஸ்கார் ஜென்கின்ஸ் ஆகிய மூவரின் வாசிப்பை இசைத்தட்டாக வெளியிட்டது. நான் முன்னர்க் குறிப்பிட்ட பிராங் ஜென்கின்ஸின் மகனே இந்த ஒஸ்கார். 41 ஆண்டுகளுக்கு முன் தந்தையர் கூடி வாசித்தனர். இப்போது மைந்தர் கூடினர். கொக்கராம் வாசித்த பன்ஜோ, வீணைக்கு உள்ளது போன்ற மெட்டுக்கள் இல்லாத பழைய அமைப்புடையது. ஆதலால் விரல் வழுக்கி நகரப் பிடிலின் குழைவோடு அதுவும் குழைந்தது. 1972இல் கைல் கிரீட் என்னும் அயலவருடன் மற்றோர் இசைத்தட்டும், 1976இல் துணை வாத்தியமின்றித் தனிப் பிடிலாக ஒன்றும் வெளிவந்தன.

இசைத்தட்டினும் பெரியது அவருடைய விறாந்தை. அமெரிக்காவின் பல மூலைகளிலிருந்தும் பிறநாடுகளிலிருந்தும் இளைஞர்கள் அங்கே வந்தனர். நீண்ட தலைமயிரும் வேறு நடையும் வேறு அரசியலும் உடையவர்களாய், அவ்வூர் முதியோர் சந்தேகத்தோடு நோக்கத்தக்க கோலத்தில் வந்தவர் பலர். ரொமி அவர்களை உள்ளே அழைத்துச் சமைத்து உணவளித்தார். இரவு தங்கச் செய்தார். விடிய விடிய வாசித்தார். பாட்டனாருக்குப் பேரப்பிள்ளைகள் போல அவர்கள் அவரைச் சூழ்ந்திருந்தனர். நியூயோர்க் நகரிலே கணிதம் படிப்பித்த ரே ஓல்டன் என்னும் ஆசிரியர் ஒலிப்பதிவுக் கருவியோடு அம்மலைநாட்டுக்கு மீண்டும் மீண்டும் வந்து, அவரையும் அவர் கூட்டாளிகளையும் நாடாவிற் பதிந்தார்.

அங்கே பாடத்திட்டம் இல்லை; பரீட்சை இல்லை. குருவின் வில்பிடித்த கையைக் கண் பார்க்க, காது கேட்க, மாணாக்கன் கூடவே வாசிப்பான். பிழைத்தால் அடுத்த சுற்றில் திருத்திக்கொள்வான்; மெட்டுத்தான் திரும்பத் திரும்ப வருமே! ஒரு மெட்டை வாசித்ததும் அதைத் தமக்குத் தந்தவர் யார், அவர் எங்கே இருந்தார், எந்த ஆட்டத்தில் அதைக் கேட்டோம் என்பதையும் ரொமி சொல்வார். ஆதலால் மாணாக்கர் இசையோடு ஒரு கிராமத்தின் சரித்திரத்தையும் கற்றனர். சக் பெயினை அறிவோர் உலகில் இன்று இருக்கிறார்களென்றால், வழிநெடுகப் பெயர் மறவாமற் சொல்லி வந்த அந்த நன்றியே காரணம்.

1982ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசியக் கலைநிதியம், மரபுக் கலைஞர்க்கான தேசிய விருதை முதன்முதலாக வழங்கியது. அவ்வாண்டு விருதுபெற்ற 15 பேருள் ரொமி ஜரல் ஒருவர். புதிய இசையால் பழைய பிடில்காரரைப் பின்தள்ளிய பில் மன்றோவும் அதே வரிசையில் இருந்தார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. மறு ஆண்டு லெஸ் பிளாங்க் என்பவர், செசி கொன்வே, அலிஸ் ஜெரார்ட் என்னும் இருவருடன் சேர்ந்து அவரைப் பற்றிய திரைப்படம் ஒன்றை வெளியிட்டார். அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளின்பின், 1987இல், பழைய காலத்து இசைக்கெனவே ஒரு சஞ்சிகையைத் தொடக்கியவரும் அந்த அலிஸ் ஜெரார்டே. மவுண்ட் எயரியில் 1948ஆம் ஆண்டிலே தோன்றிய சிறு வானொலி நிலையமொன்று, ஊர்க் கலைஞர் நேரில் வந்து வாசிக்கும் சனிக்கிழமை நிகழ்ச்சியைத் தலைமுறை தாண்டி நடத்திவந்தது. வானொலியால் அழிந்தது என்று நாம் சொல்லும் கலையை வானொலியே காத்தும் நின்றது. கருவியிற் குற்றமில்லை, அதைப் பிடித்த கையிலேதான் நன்மையும் தீமையும் உள.

இவ்வளவு சொன்னபின் எதிர்ப்பக்கத்தையும் சொல்லாமல் விடுவது முறையன்று. இன்று ஜரலின் மெட்டுகளை வாசிப்போர் நகரங்களில் வட்டமாக அமர்ந்து தம்முள்ளே வாசித்து மகிழ்கின்றனர்; ஆடுவார் பலவிடங்களில் இல்லை. கட்டிலைத் தூக்கி வெளியே வைத்த அந்த வீடும் அயலும் மீளவில்லை. மேலும், ஒருவரையே பலரும் பின்பற்றியதனால், அயல் மலைகளில் வேறுவிதமாக வாசித்த பிடில்காரர் பலரின் நடை மங்கிப்போயிற்று எனக் குறைகூறுவோரும் உளர். அக்குறை உண்மையே. தேடிச் செல்வதற்கு ஆள் கிடைத்த முதியவர் பிழைத்தார். ஆள் கிடைக்காதவர் தம் மெட்டுகளோடு மண்ணுள் மறைந்தார். ஆனால் அது ஜரலின் குற்றமாகுமா? போகாதிருந்தோரின் குற்றம் என்றே நான் எண்ணுகிறேன்.

அவ்வாறு சொல்லும்போது என்னையும் நான் நீக்கிக்கொள்ள இயலாது. பல ஆண்டுகளுக்கு முன் நான் படிப்பித்த கிராமம் ஒன்றில் முதிய அண்ணாவியார் ஒருவர் இருந்தார். விடிய விடிய ஆடும் நாட்டுக்கூத்துகள் சில, பாட்டும் தாளமும் ஆட்டமுமாக அவர் நெஞ்சில் இருந்தன. பாடசாலைக்கும் அவர் வீட்டுக்கும் நடக்கும் தூரந்தான். அவரைக் கொண்டு மாணவர்க்குக் கூத்துப் பழக்க வேண்டும் என்று எண்ணினேன். பரீட்சை முடியட்டும் என்றேன். பின்னர் மழை விடட்டும் என்றேன். ஒரு தை மாதத்தில் அவருடைய மரணச் சடங்குக்கே நான் அவ்வீட்டுக்குச் சென்றேன். அவர் மருமகள் ஒரு கொப்பியைக் காட்டினாள். பாட்டுகளின் முதலடிகள் மாத்திரம் அதில் இருந்தன. மிகுதி அவருக்கு மனப்பாடம். எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை.

அந்தக் கொப்பியை நான் இன்றும் மறக்கவில்லை. நியூயோர்க்கிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் பயணஞ் செய்த அந்தக் கணித ஆசிரியரைப் பற்றி வாசித்த நாளில், நடக்கும் தூரத்தை நடவாத இந்தச் சரித்திர ஆசிரியனுக்கு நாணம் உண்டாயிற்று.

நேயர்களே, ரொமி ஜரலின் பெருமை அவருடைய வாசிப்பில் மாத்திரம் இல்லை. கேட்க ஆளில்லாத காலத்தில் மறவாதிருந்தார்; கேட்க ஆள் வந்தபோது, அவர் யார், எவ்வூரார் என்று பாராமல் கதவைத் திறந்தார். அவர் பங்கை அவர் செய்தார். வந்தவர்கள் தம் பங்கைச் செய்தனர். இவ்விரண்டில் ஒன்று குறைந்திருப்பின் அந்த 10 டொலர்ப் பிடில் வெறும் மரமாகவே போயிருக்கும். உங்கள் அயலிலும் ஏதேனும் ஒரு விறாந்தையில், கேட்பார்க்குக் காத்து ஒரு முதியவர் அமர்ந்திருத்தல் கூடும். மழை விடும் வரை காத்திராதீர்கள்.